சிவப்பு ஒளியும் சிணுங்கும் தோலும்: வாசகர் கேள்வி–பதில்

சிவப்பு ஒளிக் கருவி, அதாவது முகச் சுருக்கம் போன்றவற்றுக்காகச் சிவப்பு எல்இடி ஒளியைத் தோலில் காட்டும் முகமூடியோ பலகையோ, வாங்கியவர்களிடமிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புகாரைத்தான் சொல்கின்றன: “என் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.” ஒத்துக்கொள்ளாதது ஒளியா, சூடா, முகமூடியா, அதற்கு முன் பூசிய க்ரீமா என்று பிரித்துப் பார்ப்பதற்குள் கருவி பரணுக்குப் போய்விடுகிறது. இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டுமே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எல்இடி முகமூடியை வாங்கிய அன்றே 20 நிமிடம் போட்டேன். கழற்றியபோது முகம் முழுக்கச் சிவந்து சூடாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டது. ஆனால் தாடையோரத்திலும் காதருகிலும் மறுநாள் மாலை அரிக்க ஆரம்பித்து மூன்று நாள் நீடித்தது. என் தோலுக்குச் சிவப்பு ஒளி ஆகாதா?

பதில்: நடந்தவை இரண்டு. இரண்டையும் சேர்த்து ஒளியின் தலையில் கட்டிவிட்டீர்கள்.

முகம் முழுக்கச் சிவந்தது பெரும்பாலும் சூட்டால். எல்இடி விளக்கு சுடாது என்பார்கள். ஆனால் முகத்தோடு ஒட்டிய மூடிக்குள் காற்றோட்டம் கிடையாது. 20 நிமிடத்தில் உள்ளே வெப்பம் சேர்ந்து இரத்தக் குழாய்கள் விரிகின்றன. வெந்நீரில் முகம் கழுவியதும் வரும் சிவப்பும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு மணி நேரத்தில் மறைந்தால் பயப்பட வேண்டாம். அடுத்த முறை நேரத்தைப் பாதியாகக் குறைத்தால் போதும்.

தாடையோர அரிப்பு வேறு விஷயம். ஒளி நேராக விழாத விளிம்பில் வந்திருக்கிறது, அதுவும் மறுநாள்தான் தொடங்கியிருக்கிறது. தொடு ஒவ்வாமை பொதுவாக 24 முதல் 72 மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். பட்டையில் உள்ள ரப்பர், விளிம்பின் பூச்சு, முகமூடியைத் துடைத்த கிருமிநாசினியின் மிச்சம் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். தோல் பழைய நிலைக்கு வந்தபின் ஒரு சோதனை செய்யுங்கள். விளக்கைப் போடாமல், அதே 20 நிமிடம், முகமூடியை மட்டும் கட்டிக்கொண்டு உட்காருங்கள். மூன்று நாள் கவனியுங்கள். அரிப்பு திரும்பினால் ஒளிக்கு இதில் பங்கில்லை. பட்டை தோலில் படாமல் பருத்தித் துணி சுற்றுங்கள். முகமூடியை மென்மையான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, மறுபடி வெறும் நீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் போடுங்கள். கிருமிநாசினித் தாளால் துடைத்த ஈரத்தோடு முகத்தில் வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

தோலில் வரும் தடத்தின் வடிவமே பாதி விடையைச் சொல்லிவிடும். விளிம்பை ஒட்டி வளையமாக வந்தால் தொடு ஒவ்வாமை அல்லது உராய்வு. விளக்குகள் இருக்கும் வரிசையிலேயே புள்ளி புள்ளியாகச் சிவந்தால், விளக்குக்கும் தோலுக்கும் இடைவெளி போதவில்லை, அல்லது அந்த விளக்குகள் அளவுக்கு மீறிச் சூடாகின்றன. நெற்றியிலும் மூக்கோரத்திலும் வேர்க்குரு மாதிரிச் சிறு கொப்புளங்கள் என்றால் வியர்வை அடைபட்டிருக்கிறது. க்ரீம் பூசிய இடத்தில் மட்டும் எரிந்தால் க்ரீமை விசாரியுங்கள். ஒளி பட்ட இடமெல்லாம் ஒரே சீராகச் சிவந்து, 24 மணி நேரம் கழித்தும் வலியோடு நீடித்தால்தான் ‘ஒளி ஒத்துக்கொள்ளவில்லை’ என்ற பேச்சுக்கே இடம். அப்போது தோல் மருத்துவரைப் பாருங்கள்; சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: பருவுக்காக டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறேன். ‘ஒளியுணர்வைக் கூட்டும் மருந்து எடுப்பவர்கள் பயன்படுத்தக் கூடாது’ என்று கருவியின் கையேட்டில் இருக்கிறது. ஆனால் சிவப்பு ஒளியில் புற ஊதாக் கதிரே இல்லை என்கிறார்களே?

பதில்: இரண்டும் உண்மை. டாக்ஸிசைக்ளின், இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு, சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகள் ஆகியவை முக்கியமாகப் புற ஊதா ஏ கதிரை, அதாவது அலைநீளம் 320 முதல் 400 நானோமீட்டர் வரையிலான பகுதியை, உறிஞ்சித்தான் தோலைச் சுட வைக்கின்றன. சிவப்பு ஒளிக் கருவி தருவது 630 முதல் 660 நானோமீட்டர். அருககச்சிவப்பு, அதாவது சிவப்பை அடுத்து வரும், கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத ஒளி என்றால் 810 முதல் 850. மருந்து உறிஞ்சாத ஒளி அந்த மருந்தைத் தூண்டாது. ஆகவே கணக்குப்படி ஆபத்து குறைவு.

கையேடு எழுதுபவர் உங்கள் மருந்துச் சீட்டைப் பார்த்து எழுதுவதில்லை என்பதால் எல்லா மருந்தையும் ஒரே வரியில் தடுத்துவிடுகிறார். ஒரு வகையில் அது நல்லதுதான். ஏனென்றால் சிவப்பு ஒளியிலேயே கிளம்பும் மருந்துகளும் உண்டு. புற்றாக மாறக்கூடிய தோல் புண்களுக்கு அமினோலெவுலினிக் அமிலக் களிம்பைப் பூசி, சில மணி நேரம் ஊறவிட்டு, 630 நானோமீட்டர் அளவிலான சிவப்பு ஒளியைக் காட்டி நோயுற்ற செல்களை அழிப்பார்கள். வழக்கமான அளவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 37 ஜூல் (ஒளி தரும் ஆற்றலின் அளவு). வீட்டில் இருக்கும் 100 மில்லிவாட் பலகை அதை ஏறக்குறைய 6 நிமிடத்தில் கொடுத்துவிடும்! அந்தச் சிகிச்சை எடுத்தவர் முகம் இறுக்கமாக இருக்கிறதே என்று வீட்டுக் கருவி முன் உட்கார்ந்தால் சிகிச்சை இரண்டாம் தடவை நடந்த மாதிரி ஆகும். மருத்துவர் சொல்லும்வரை அந்தப் பக்கமே போகக் கூடாது. புற்றுநோய்க்கான ஒளிச் சிகிச்சைக்குப் போர்ஃபைமர் ஊசி போட்டவர்களுக்கு இந்த உணர்திறன் 30 நாளோ அதற்கு மேலோ இருக்கும். கண்ணுக்கான வெர்ட்டிபோர்ஃபின் ஊசிக்கு 5 நாள் எச்சரிக்கை உண்டு. மெத்திலின் ப்ளூ என்ற நீலச் சாய மருந்து 660-ஐ ஒட்டிய ஒளியை நன்றாக உறிஞ்சும். மனச்சோர்வுக்கென்று சிலர் தாமாகவே வாங்கிச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை மாத்திரையில் உள்ள ஹைப்பரிசினும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வேலை செய்யும். ஒளி பட்டால் தோல் புண்ணாகக்கூடிய போர்ஃபிரியா நோய் உள்ளவர்கள் இந்தக் கருவிகளைத் தொடவே வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றைப் பாருங்கள். முகமூடியில் சிவப்பு மட்டுமா, நீலமும் ஊதாவும் சேர்ந்திருக்கிறதா? பருவுக்கான நீல ஒளி 415 நானோமீட்டர் அளவில் இருக்கும். புற ஊதாவின் வாசற்படி அது. அப்படிப்பட்ட கருவியை மாத்திரை முடியும்வரை எடுத்து வைத்துவிடுங்கள். வெறும் சிவப்பு என்றாலும் மருந்து எழுதிக் கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: என் கருவியில் 100 மில்லிவாட் என்று போட்டிருக்கிறது. சிலர் 5 நிமிடம் என்கிறார்கள், சிலர் 20 நிமிடம் என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: நிமிடத்தை வைத்துப் பேசுவதால் வரும் குழப்பம் இது. தோலுக்குப் போய்ச் சேரும் அளவை ஜூலில்தான் பேச வேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் மில்லிவாட்டை விநாடிகளால் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் ஜூல் கிடைக்கும். 100 மில்லிவாட் என்றால் நிமிடத்துக்கு 6 ஜூல். 30 மில்லிவாட் முகமூடி என்றால் நிமிடத்துக்கு 1.8 ஜூல். உங்கள் பலகை முன் 5 நிமிடம் உட்கார்ந்தால் 30 ஜூல். அதையே முகமூடியில் பெற 17 நிமிடம் ஆகும். ஒருவர் 5 என்பதும் இன்னொருவர் 20 என்பதும் இரண்டு கருவிகளின் கணக்கு.

சரியான அளவு இதுதான் என்று ஒற்றை எண்ணைச் சொல்ல வழியில்லை. முகச் சுருக்கம் தொடர்பான ஆய்வுகளில் 9 ஜூல் கொடுத்ததும் உண்டு, 126 ஜூல் கொடுத்ததும் உண்டு. ஆனால் கூட்டக் கூட்டப் பலன் கூடாது. குறைந்த அளவு செல்லைத் தூண்டும். ஓர் எல்லைக்கு மேல் அதே ஒளி அடக்க ஆரம்பித்துவிடும். 2020-ல் வெளியான பாதுகாப்பு ஆய்வு ஒன்று தோல் எதுவரை தாங்கும் என்றே பார்த்தது. வெள்ளைத் தோலில் 480 ஜூல் வரை, நிறம் கூடிய தோலில் 320 ஜூல் வரை பாதுகாப்பானது என்பது அதன் முடிவு. அதற்கு மேல் போனபோது கொப்புளமும் நீடித்த சிவப்பும் வந்தன. 320-ஐ எட்ட உங்கள் பலகை முன் 53 நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். யாரும் உட்கார மாட்டார்கள் என்று நினைப்போம். பலகை முன் தூங்கிப்போகிறவர்கள் உண்டு. தானாக அணையும் டைமர் இல்லாத கருவியை வாங்காதீர்கள்.

சிணுங்கும் தோலுக்கு 2 முதல் 3 ஜூலில் தொடங்குங்கள். உங்கள் பலகையில் அது வெறும் அரை நிமிடம். கேலியாகத் தோன்றும், ஆனால் தொடக்கம் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கருவியில் போட்டிருக்கும் 100-ஐ அப்படியே நம்பவும் வேண்டாம். எந்தத் தூரத்தில் அளந்தது என்று சொல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை. சூரிய ஒளியை அளக்கும் மலிவான மீட்டரைச் சிவப்பு எல்இடி முன் பிடித்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். பல விளம்பர எண்கள் பிறப்பது அங்கேதான். தூரத்தை இரட்டித்தால் ஒளி கால்வாசியாகும் என்ற பள்ளிக்கூடக் கணக்கு ஒற்றைப் பல்புக்குச் சரி. நூறு விளக்குகள் பதித்த பலகையில், அருகில் இருக்கும்போது அவ்வளவு வேகமாகக் குறையாது. ‘ஓரடி தள்ளி உட்கார்ந்தேனே, பிறகும் ஏன் சிவந்தது’ என்பவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: கன்னத்தில் மங்கு இருக்கிறது. ஏழு வண்ண முகமூடியை ஒரு மாதம் போட்டதில் இன்னும் கருத்துவிட்டது. சிவப்பு ஒளி கருக்க வைக்குமா?

பதில்: ஏழு வண்ணத்தில் எந்த வண்ணத்தைப் போட்டீர்கள்? ஊதாவும் நீலமும் நிறம் கூடிய தோலில் நிறமியைக் கிளப்பும். அப்படி வந்த கருமை வாரக்கணக்கில் தங்கும். 2014-ல் 415 நானோமீட்டரையும் 630-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட ஆய்வில் முதலாவது கருக்க வைத்தது, சிவப்பு கருக்க வைக்கவில்லை. ஆகவே முதலில் நீலம், ஊதா இரண்டையும் நிறுத்துங்கள்.

அடுத்தது சூடு. மங்குக்கு வெப்பம் ஆகாது. நீண்ட நேரம் அடுப்படியில் நிற்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். சிவப்பு மட்டும் போட்டாலும் முகம் வெதுவெதுப்பாகும் அளவுக்குப் போகாதீர்கள். மின்விசிறிக் காற்று முகத்தில் படட்டும். மங்கு உள்ள பகுதியை ஈரத்துணியால் மூடிக்கொண்டு மற்ற இடத்துக்கு மட்டும் ஒளி காட்டுவது இன்னும் பாதுகாப்பு. பகலில் இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீனைப் போடுங்கள். புற ஊதாவை மட்டும் தடுக்கும் நிறமற்ற சன்ஸ்கிரீன் கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெரிதாகத் தடுக்காது.

கேள்வி: சன்ஸ்கிரீன் போட்டுக்கொண்டு சிவப்பு ஒளி முன் உட்காரலாமா?

பதில்: வேண்டாம். துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் ஒளியைச் சிதறடிக்கும். போட்ட நேரம் வீண். ஒளி முடிந்தபின் போடுங்கள்.

கேள்வி: இரவில் ட்ரெட்டினாயின் (வைட்டமின் ஏ வகைப் பூச்சு), காலையில் வைட்டமின் சி, வாரம் இரண்டு முறை கிளைக்காலிக் அமிலம். சிவப்பு ஒளியை எங்கே நுழைப்பது?

பதில்: இத்தனைக்கும் நடுவில் நுழைப்பதற்கு முன் எதையாவது குறைக்க முடியுமா என்று யோசியுங்கள். ஒரே வாரத்தில் மூன்று புதியவற்றைத் தொடங்கி, எதனால் எரிகிறது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

ட்ரெட்டினாயினும் அமிலங்களும் தோலின் மேல் தடுப்பை மெலிய வைக்கின்றன. மெலிந்த தோலில் சாதாரண வெதுவெதுப்பே முள்ளாய்க் குத்தும். எனவே ஒளியைத் தொடங்கும் முதல் இரண்டு வாரம் கிளைக்காலிக் அமிலத்தை நிறுத்துங்கள். ட்ரெட்டினாயினும் ஒளியும் ஒரே இரவில் வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிக்கொள்ளுங்கள். தோல் பழகியபின் ஒரே இரவில் செய்வதானால் ஒளிதான் முதலில். மென்மையான ஃபேஸ் வாஷால் கழுவி, துண்டால் ஒற்றி, 10 நிமிடம் காயவிட்டு, எதுவும் பூசாமல் ஒளி. முடிந்ததும் சூடு தணிய இன்னொரு 15, 20 நிமிடம் விட்டு, பயறளவு ட்ரெட்டினாயின், மேலே வாசனை சேர்க்காத ஈரப்பத க்ரீம். வரிசையைத் தலைகீழாக்கி, பூசிய பின் ஒளி காட்டுவதில் இரண்டு நஷ்டம்: ட்ரெட்டினாயின் ஒளியில் சிதையக்கூடிய பொருள், தவிர, முகமூடிக்குள் அடைபட்ட சூட்டில் அது தோலுக்குள் கூடுதலாக இறங்கும். காலையில் வைட்டமின் சி தொடரலாம்.

கேள்வி: ரோசேஷியா என்ற, முகம் அடிக்கடி சிவக்கும் தோல் நோய் இருக்கிறது. காரமாக ஏதாவது சாப்பிட்டாலே முகம் சிவக்கும். முயற்சி செய்யலாமா?

பதில்: நோய் அடங்கியிருக்கும் நாட்களில், மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டு, மெதுவாக. முகமூடியை விடப் பலகை நல்லது. காற்று படும், தூரத்தைக் கூட்டலாம். அருககச்சிவப்பைத் தனியே அணைக்க முடிந்தால் முதல் மாதம் அணைத்து வையுங்கள். அது ஆழம் போகும், கண்ணுக்கும் தெரியாது, சூடு ஏறுவதும் தாமதமாகத்தான் உறைக்கும்.

முதல் சோதனை முகத்தில் வேண்டாம். முன்கையின் உள்பக்கத்தில் 3 ஜூல் கொடுத்து 48 மணி நேரம் பாருங்கள். அடுத்து காதுக்குக் கீழே, தாடையோரத்தில் சிறு இடம். மற்ற இடத்தை மூடிக்கொண்டு அதே அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று தடவை. ஒன்றும் ஆகவில்லை என்றால் முழு முகத்துக்கும் அதே 3 ஜூல், வாரம் மூன்று நாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2 ஜூல் வீதம் கூட்டிக்கொண்டு போய், 10 ஜூலைத் தாண்டாமல் நின்றுவிடுங்கள். சிவப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் முந்தைய அளவில் பாதிக்கு இறங்குங்கள். மறுநாளும் இருந்தால் ஒரு வாரம் நிறுத்துங்கள். கொப்புளம், வீக்கம், கண்ணெரிச்சல் வந்தால் அத்தோடு விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். குளித்து முடித்த சூட்டிலும், உடற்பயிற்சி முடித்த வியர்வையிலும் கருவி முன் உட்காராதீர்கள்.

கேள்வி: முதுகுவலிக்கு வாங்கிய அகச்சிவப்புப் பல்பு வீட்டில் இருக்கிறது. அதுவும் சிவப்பாகத்தானே எரிகிறது? முகத்துக்குப் பயன்படுத்தினால் என்ன?

பதில்: நிறம் சிவப்பு, வேலை வேறு. அந்த 150 அல்லது 250 வாட் பல்பு தருவதில் பெரும்பகுதி வெப்பம்தான். 630-ஐச் சுற்றிய ஒளி அதில் சிறு பங்கு. 3 ஜூல் சிவப்பு போய்ச் சேர்வதற்குள் முகம் காய்ந்துவிடும். சுட்டுக் கொப்புளம் வராத அளவு மிதமான சூட்டையே திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் காட்டினாலும் தோலில் வலை பின்னியது போலப் பழுப்புக் கோடுகள் விழும். மடிக்கணினியைத் தொடையில் வைத்து வேலை செய்பவர்களுக்கும், வெந்நீர்ப் பையை விடாமல் வைத்திருப்பவர்களுக்கும் வருவது அதுதான். 43 முதல் 47 டிகிரி வெப்பமே போதும். சீக்கிரம் நிறுத்தினால் மங்கும். நாள்பட்டது நிரந்தரமாகத் தங்கிவிடும். பல்பை முதுகுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கண்ணை மூடிக்கொண்டால் போதாதா? கண்ணாடி எதற்கு?

பதில்: உள்ளங்கையை டார்ச் மேல் வைத்துப் பாருங்கள், சிவப்பாக ஊடுருவித் தெரியும். இமை அதைவிட எவ்வளவு மெல்லியது! பலகை முன் உட்கார்ந்தால் கருவியோடு வரும், ஒளியைத் தடுக்கும் கண்காப்பு கட்டாயம். 850 நானோமீட்டர் விளக்கு மங்கலாக, எரியாதது போலத் தெரியும். கெட்டுப்போய்விட்டதோ என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோய் உற்றுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வெளிச்சம் கூசாததால் கண் தானாகச் சிமிட்டி ஒதுங்காது. எரிகிறதா என்று பார்க்க வேண்டுமானால் செல்போன் கேமராவைக் காட்டுங்கள், பெரும்பாலான கேமராக்களில் தெரியும். விழித்திரை நோய் உள்ளவர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் முகத்துக்கு எந்த ஒளிக் கருவியையும் எடுக்கக் கூடாது. 2019-ல் நீலமும் சிவப்பும் கலந்த முகமூடி ஒன்று, குறிப்பிட்ட சில கண் நோய் உள்ளவர்களுக்கும் ஒளியுணர்வு மருந்து எடுப்பவர்களுக்கும் தீங்கு வரலாம் என்ற அச்சத்தில்தான் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. வலிப்பு நோய் உள்ளவர்கள் துடிப்பு முறையில், அதாவது மின்னி மின்னி எரியும் அமைப்பில், கருவியைப் போட வேண்டாம்.

கேள்வி: எத்தனை நாளில் பலன் தெரியும்?

பதில்: சுருக்கத்துக்கு 8 முதல் 12 வாரம். அதுவரை வாரம் ஒரு புகைப்படம், அதே ஜன்னல், அதே நேரம், ஒப்பனை இல்லாமல். தினமும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது.

கேள்வி: தோளில் பச்சை குத்தியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு மச்சமும் உண்டு. முதுகுக்கு ஒளி காட்டும்போது இவற்றை மூட வேண்டுமா?

பதில்: கருப்பும் பச்சையும் நீலமும் கலந்த மை சிவப்பு ஒளியை நன்றாக உறிஞ்சும். பக்கத்துத் தோலுக்கு வெதுவெதுப்பாக இருக்கும்போதே மை உள்ள இடம் சுரீரென்று சுடும். வெள்ளைத் துணியை நான்காக மடித்து மூடிவிடுங்கள். புதிதாகக் குத்தியது என்றால் புண் முழுதும் ஆறும்வரை பொறுங்கள். மச்சம் பல வருடமாக அப்படியே இருப்பது என்றால் மூடினால் போதும். அண்மையில் பெரிதாகியிருந்தாலோ, ஓரம் கோணலாகியிருந்தாலோ, நிறம் இரண்டு மூன்றாகப் பிரிந்திருந்தாலோ, தொட்டால் இரத்தம் கசிந்தாலோ முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், கருவி அப்புறம்.